முதல் வரிசையில் உட்கார்ந்த ஏழரை அக்கா

காலை ஏழரை மணிக்கு எங்கள் கட்டடத்துக்குள் நுழைவார் என்பதால் காவலாளி அவருக்கு வைத்த பெயர் ஏழரை அக்கா. வேறு யாராவதாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்கள். இவரோ, "சனியனாவது ஏழரை வருஷத்துல விட்டுட்டுப் போயிடும். நான் போறதா இல்ல" என்று சொல்லிச் சிரித்தாராம். பல வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியபோது, எனக்கும் அந்தப் பெயரிலேயே அறிமுகமானார்.

அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறிப்போய், வார்த்தைகள் வாய்க்குள்ளேயே உருண்டு நசுங்கி வெளியே வந்தன. அக்கா அவரைத் துடைத்துவிட்டு, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்து, மசித்த சாப்பாட்டைக் கரண்டியால் ஊட்டி, நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். அப்பா சொல்வது அவருக்கும் அம்மாவுக்கும் புரியும். எனக்குப் பிடிபட வெகுநாள் ஆனது. நான் "என்னப்பா, என்னப்பா?" என்று கேட்கக் கேட்க, அப்பா கண்ணை மூடிக்கொள்வார். பெற்ற மகளிடம் பேசக் களைத்துப்போய் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சுலபமில்லை.

அக்காவின் குணத்தில் முதலில் கண்ணில் படுவது, எல்லாப் பழியையும் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்வது. அப்பா தும்மினால், "நான் ஜன்னலத் திறந்து வச்சேன்ல, அதான்." மழை வந்தால், "துணியக் காயப்போட்டேன்ல, அதான்." ரயில் தாமதமானால் ரயில்வேக்காக இவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பார்.

அவர் வீடு, ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்தும் தள்ளி இருந்தது. எங்கள் பகுதியில் ஒரு குளியலறைக்குக் கொடுக்கிற வாடகைக்கு அங்கே இரண்டு அறை கிடைக்கும் என்பார். ஒரு அறையில் அக்கா, அவர் கணவர், மகள். மற்றொன்றில் அவருடைய நாத்தனாரும் அவரது இரண்டு பையன்களும். நாத்தனார் எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் பள்ளியில் ஆயா. இருவரும் இருட்டோடு கிளம்பி இருட்டோடு வீடு சேர்வார்கள்.

"என் பொண்ணு எவ்வளவு வளர்ந்திருக்கான்னு படுத்த வாக்குலதான் பாப்பா எனக்குத் தெரியும்" என்றார் ஒருமுறை. முப்பதைத் தாண்டிய என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "பாய்க்கு வெளிய கால் நீட்டிட்டு இருந்தா, சரி, வளர்ந்துட்டான்னு நெனச்சுக்குவேன்."

நான் ஊரில் இல்லாத அத்தனை வருடமும் எங்கள் வீட்டில் என் அறை பூட்டியே கிடந்தது. வாரம் ஒருமுறை திறந்து தூசி தட்டியவர் அக்காதான். ரயில் ஓடாத ஒரு மழை நாளில் அவர் எங்கள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாராம். அம்மாவின் நல்ல மனசுக்கு உதாரணமாக இதை என்னிடம் சொன்னார். "போர்வைகூடக் குடுத்தாங்க பாப்பா." நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றுகொண்டேன். நின்றதால் ஒன்றும் மாறிவிடவில்லை.

நான் வந்த சில வாரங்களில், எங்கள் கட்டடத்தை ஒட்டியிருந்த காலி மனையில் அரசாங்கம் குடியிருப்பு கட்டப்போகிறது என்று செய்தி வந்தது. இந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் இந்தப் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும் என்பது திட்டம். பஸ் ஓட்டுகிறவர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர், பள்ளி ஆயா, வீட்டு வேலைக்காரர், யாராக இருந்தாலும் சம்பளத்துக்குத் தக்க வாடகை. இரண்டு கட்டடங்கள். ஒன்று எங்கள் ஜன்னலோரம், இன்னொன்று மனையின் அந்தக் கோடியில். அக்காவின் நாத்தனார் கேள்விப்பட்ட அன்றே ஆலாய்ப் பறந்தார். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து மனு போடப்போவதாகச் சொன்னாராம்.

"அவ சொல்லுவா. நமக்கெல்லாம் எங்க பாப்பா கெடைக்கப்போவுது" என்றார் அக்கா. சொல்லும்போது அப்பாவின் சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் கொதித்துப்போனது. வெளிச்சம் போகும், காற்று போகும், விலை போகும், கண்டவர்கள் வருவார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் வேலை நாளில், பகலில் வைத்திருந்தார்கள். அலுவலகம் போகிறவர்கள் லீவு போடத் தயாராக இல்லை. சங்கச் செயலாளர் வீடு வீடாக ஏறி இறங்கினார். "ஆளு யாருங்கறது முக்கியமில்லம்மா. ஒரு வீட்டுக்கு ஒரு தலை. நாற்காலி காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அம்மாவுக்கு முழங்கால் வலி. "நீ போய் நம்ம நாற்காலில உட்கார்ந்துட்டு வாயேன்" என்று அக்காவிடம் சொன்னார். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று தன் கைப்பையையும் கொடுத்தார். உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான். எனக்குக் கூட்டம் என்றாலே கால் அரிக்கும். சும்மா கூடப் போகிறேன் என்று போய், எப்போது வேண்டுமானாலும் கிளம்ப வசதியாகக் கதவோரம் நின்றுகொண்டேன்.

மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிகளில் எங்கள் கட்டடத்தின் வீட்டு எண்களை ஒட்டியிருந்தார்கள். அதில் எங்கள் டிரைவர்களும் சமையல்காரர்களும் காவலாளியும் உட்கார்ந்திருந்தார்கள். "இப்படி ஒரு நாளைக்கு முதலாளி ஆவேன்னு தெரிஞ்சிருந்தா சட்டையை இஸ்திரி போட்டிருப்பேன்" என்று டாக்டர் வீட்டு டிரைவர் சொல்ல, வரிசையே சிரித்தது. காபி வந்தது. முதலில் அவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, கூச்சமும் பெருமையுமாகக் குடித்தார்.

நாத்தனார் கடைசி வரிசையில் பள்ளிச் சீருடையோடு நின்றிருந்தார். அவர் முறை வந்தது. "நாங்க கூட்டிப் பெருக்கற ஊருல எங்களுக்குப் படுக்க ஒரு எடம் கேக்கறோம். வேற ஒண்ணுமில்ல" என்றார். பின்னால் கைதட்டல் கிளம்பியது. அதிகாரியாக வந்திருந்த பெண் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். செயலாளர் பதறிப்போய் அக்காவின் காதருகே குனிந்தார். "ஐயாவைப் பத்தி சொல்லுங்கம்மா. ஜன்னலைப் பத்தி."

அக்கா எழுந்தார். எழ வேண்டியதில்லை என்று நான் கதவோரத்திலிருந்து நினைத்தது நினைவிருக்கிறது. நினைத்ததோடு சரி.

"எங்க ஐயா படுத்த படுக்கை" என்றார். "அவருக்கு இருக்கறது ஒரே ஒரு ஜன்னல். வானமும் அதுலதான், காத்தும் அதுலதான். அதை மட்டும் மறைச்சுடாதீங்க. வேற நான் எதுவும் கேக்கல."

அதிகாரி பரிவோடு கேட்டார், "நீங்க அந்தக் கட்டடத்துலதான் குடியிருக்கீங்களா?"

அக்கா செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தன் காலணியைப் பார்த்தார்.

"ஆமாங்க. நாலாவது மாடி."

வெளியே வாசலில் நாத்தனார் காத்திருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, அக்கா பக்கம் திரும்பினார். "நாலாவது மாடிக்கு எப்ப அண்ணி குடி போனீங்க? சொல்லியிருந்தா சாமான் தூக்க வந்திருப்பேனே."

"நான் ஜன்னலைத்தான்டி கேட்டேன். வீட்டை வேணாம்னு சொன்னேனா?"

"வீட்டைக் கட்டிட்டு ஜன்னலை எங்க அண்ணி வைப்பாங்க, ஆகாசத்துலயா?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் பள்ளியை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து மனையின் வாசலில் திருத்திய வரைபடத்தை மாட்டினார்கள். எங்கள் பக்கத்துக் கட்டடத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் பச்சை வண்ணம் அடித்துப் புல்வெளி என்று போட்டிருந்தது. பாதி வீடுகள் போய்விட்டன. செயலாளர் எங்கள் வீட்டுக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தார். "எல்லாம் இவங்க ஒரு வார்த்தையிலதான்" என்று அக்காவின் கையிலேயே பெட்டியைக் கொடுத்தார். அக்கா அதைச் சமையலறை மேடையில் வைத்தார். சாயங்காலம் போகும்போது எடுத்துப்போகவில்லை.

மறுநாள் அப்பாவுக்கு முதுகு துடைத்துக்கொண்டே, குரலை வலிய உற்சாகமாக்கிக்கொண்டு சொன்னார், "ஐயா, உங்க ஜன்னல் தப்பிச்சுது. இனிமே யாரும் மறைக்க மாட்டாங்க."

அப்பா என்னவோ சொன்னார். அக்காவின் கை நின்றது. அப்பா மறுபடியும் சொன்னார். இந்த முறை எனக்கும் புரிந்தது.

"அங்க என்ன இருக்கு. புல்லு. நாயி. ஆளுங்க வந்தா... பாத்துட்டு இருக்கலாம்னு இருந்தேன்."

அக்கா துண்டை வாளியில் போட்டார். பிழிந்தார். மறுபடி போட்டார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஜன்னல் வழியே பார்த்தேன். சொன்ன மாதிரியே புல். ஒரு நாய்.

அதன் பிறகு அக்காவின் பேச்சு குறைந்துவிட்டது. ரயிலில் நாத்தனார் வேறு பெட்டியில் ஏறுகிறாராம். வீட்டில் இரண்டு அடுப்பாகிவிட்டதாம். "அவ பேசாட்டிப் பரவால்ல பாப்பா. அவ பையன் கேக்கறான், 'அத்தை, உங்க மாடி வீட்ல எனக்கு எடம் இருக்குமா'ன்னு. அவ சொல்லிக் குடுத்துக் கேக்கல. நெஜமாவே கேக்கறான்."

அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, என் ரூம்ல நீங்க தங்கிக்கோங்க. வாரத்துல நாலு நாளாவது. அம்மாகிட்ட நான் பேசறேன்" என்றேன். சொன்னதும் எனக்கே பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அதற்காகத்தான் சொன்னேன் போலிருக்கிறது.

அவர் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. "நான் இங்க படுத்தா என் பொண்ணு காலை யாரு பாப்பா பாக்கறது? நாலு நாளு வளர்றது பாக்காமலே போயிடுமே." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார், "நீங்க கேட்டதே பெரிசு. தப்பா எடுத்துக்காதீங்க." என்னிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

இறுதிக் கூட்டம் அறிவித்தார்கள். முதல் கூட்டத்தில் வேலைக்காரர்களை உட்காரவைத்தார்கள் என்று யாரோ புகார் கொடுத்திருந்ததால், இந்த முறை வீட்டுக்காரர்கள்தான் வர வேண்டும் என்றார் செயலாளர். அம்மா முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு தயாரானார். முந்தின நாள் அக்கா அம்மா முன்னால் போய் நின்றார்.

"நாளைக்கு எனக்கு லீவு வேணும்மா."

"நாளைக்கா? நான் கூட்டத்துக்குப் போறேன்னு தெரியுமில்ல? ஐயாவை யாரு பாத்துக்கறது?"

"நானும் அங்கதாம்மா வரேன்."

அம்மா அவரையே பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயந்த மாதிரி இருந்தது. "நான் இருக்கேன், நான் பாத்துக்கறேன்" என்று இடையில் புகுந்தேன். "உனக்கு அவர் பேசறதே புரியாது" என்றார் அம்மா. "இப்போ கொஞ்சம் புரியுது" என்றேன்.

அதனால் அந்தக் கூட்டத்தை நான் நேரில் பார்க்கவில்லை. நடந்ததைப் பிறகு அம்மாவும் அக்காவும் தனித்தனியாகச் சொன்னார்கள். பெரிதாக வித்தியாசம் இல்லை.

அக்கா கடைசி வரிசையில் நாத்தனாருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்காரர்கள் எல்லோரும் பேசி முடித்ததும் எழுந்திருக்கிறார். "போன கூட்டத்துல நாலாவது மாடில குடியிருக்கேன்னு சொன்னது பொய்யிங்க. அங்க வேலை பாக்கறேன். என் வீடு ரயில் நிக்கற எடத்துக்கும் அந்தாண்ட இருக்கு." முன்வரிசையில் சலசலப்பு. "ஜன்னலைப் பத்திச் சொன்னதும் தப்பு. ஐயாவக் கேக்காமலே சொல்லிட்டேன். அவருக்கு ஆளுங்களப் பாக்கணுமாம். கட்டறதா இருந்ததையே கட்டுங்க."

செயலாளர் எழுந்தார். "அப்போ சொன்னது பொய்னா, இப்போ சொல்றது உண்மைன்னு எப்படிங்க நம்பறது? இவங்களுக்கு வீடு வேணும். அதுக்கு ஏத்த மாதிரி பேசறாங்க." அது நியாயமான கேள்வி என்பதுதான் கொடுமை. அப்போதுதான் அக்கா என் கைபேசிக்கு அழைத்தார்.

"பாப்பா, ஐயாகிட்ட குடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வைக்கறேன்."

நான் கைபேசியை அப்பாவின் வாயருகே பிடித்தேன். அந்தப் பக்கம் மண்டபத்தின் இரைச்சல். அக்கா கேட்டார், "ஐயா, நம்ம ஜன்னலுக்கு எதிர்ல வீடு கட்டட்டுமான்னு கேக்கறாங்க. நீங்களே சொல்லுங்க."

அப்பாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் முகம் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. யாரோ, "லைன் கட்டாயிடுச்சு" என்று சொல்வது கேட்டது. பிறகு ஒரேயடியாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நசுங்கிய வார்த்தைகளாக வந்தது.

"கட்டட்டும். நாமளும் அப்படித்தானே வந்தோம்."

எங்கள் கட்டடம் ஒரு காலத்தில் குடிநீர் வாரிய ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. அப்பா அங்கே பம்ப் ஆபரேட்டர். ராத்திரி குழாய் வெடித்தாலும் ஓடிவர ஆள் பக்கத்தில் வேண்டும் என்று கொடுத்த வீடு. பிறகு சல்லிசாக எங்களுக்கே விற்றார்கள். நான் பிறந்ததிலிருந்து அறிந்த விஷயம் இது. அந்த நிமிடம் வரை ஒருமுறைகூட இதையும் பக்கத்து மனையில் வரப்போகிற குடியிருப்பையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. "என்ன சொன்னார்? யாருக்காவது புரிஞ்சுதா?" என்று அதிகாரி கேட்பது எனக்குக் கேட்டது. அக்கா வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னால் செல்லாது என்று அவருக்குத் தெரியும். எனக்குப் புரிந்திருந்தது. கைபேசி என் கையில்தான் இருந்தது. ஆனால் நீங்கள் யார், இங்கேதான் குடியிருக்கிறீர்களா என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு கணம் தயங்கினேன். அந்த ஒரு கணத்தில் அம்மாவின் குரல் வந்தது.

"எனக்குப் புரிஞ்சுது."

நீண்ட இடைவெளி. முழங்கால் வலியோடு எழுந்திருக்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்திருக்கலாம்.

"கட்டட்டும்னு சொல்றார். நாமளும் அப்படி வந்தவங்கதானேன்னு கேக்கறார்." பிறகு, யாரிடம் என்று தெரியவில்லை, "அவர் கேட்டது சரிதான்" என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்து கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு நேராகப் படுக்கப் போய்விட்டார். இரண்டு நாள் அக்காவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "சாப்பிட்டியா?" என்றார். அதுவே அவரால் முடிந்தது. கட்டடத்தில் மற்றவர்கள் அம்மாவிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. செயலாளர் லிஃப்டில் எங்களைப் பார்த்தால் படியில் ஏறிவிடுகிறார். "நல்லதுதான், அவருக்கு சர்க்கரை இருக்கு" என்கிறார் காவலாளி.

நாத்தனார் அன்று மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதை மொத தடவையே சொல்லியிருந்தா என் ஒரு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும் அண்ணி" என்றாராம்.

எங்கள் பக்கத்துக் கட்டடம் வரைபடத்துக்குத் திரும்ப வந்தது. ஒரு மாடி குறைத்து. வீடுகளைக் கட்டி முடித்துக் குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பார்கள். அக்காவும் நாத்தனாரும் தனித்தனியாக மனு போட்டிருக்கிறார்கள். ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அக்கா இப்போதே அதற்கும் வருத்தப்பட ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு மாடி குறைந்ததும் தன்னால்தான் என்கிறார். அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கதவோரம் நின்றவளும் அந்தக் கணக்கில் உண்டு என்று சொல்ல நினைப்பேன். அதற்குள் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

இந்த வாரம் அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்குகிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை இடி. கண்ணாடி டம்ளர்கள் அலமாரியில் நடுங்குகின்றன. அப்பாவின் மதியத் தூக்கம் போயிற்று. அக்கா அவர் காதில் பஞ்சு வைத்து, அதன்மேல் தன் இரண்டு உள்ளங்கையையும் பொத்திக்கொண்டு கட்டிலருகே நிற்கிறார்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா" என்கிறார், ஒவ்வொரு இடிக்கும்.

அப்பா தலையை ஆட்டி அவர் கைகளை விலக்கப் பார்க்கிறார். அவருக்கு ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டும். கீழே மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் ஓடுகிறார். இன்னொருவர் அவரைத் திட்டுகிறார்.